புளோரெசென்சும் பொசுபரெசென்சும்

ஆங்கிலத்தில் ஒளியைக் குறித்து வழங்குஞ் சொற்கள் மிகப் பல. அவற்றுள், தீயின் வெப்பமின்றிக் குளிர்ந்த நிலையிலேயே பொருள்கள் ஒளிவிடும் இயல்பைச் சுட்டுவன இரண்டு. ஒன்று புளோரெசென்சு, மற்றது பொசுபரெசென்சு. பொதுமக்கள் வழக்கில் இவ்விரண்டும் ஒன்றற்குப் பதிலாக மற்றது மாறி வழங்கும். பாடநூல்களோ, ஒளியூட்டல் நின்றவுடன் அவிவது முன்னது, நின்ற பின்னுந் தொடர்வது பின்னது என ஒரு வரியில் வேறுபாடு கூறி அமையும். அவ்வரி பரீட்சையளவிற்குப் போதுமானதே. ஆயினும் இவ்விரு சொற்களின் எல்லை எதுவெனத் தெளியாமையால் ஒரு பெருங் கண்டுபிடிப்பு எதிர்பாராது விளைந்தது. மற்றொரு கண்டுபிடிப்பு ஐந்தாண்டு தாமதித்தது. ஒளியின் வகையறியாது அதனை வாயில் வைத்த பெண்கள் சிலர் உயிரும் இழந்தனர். ஆதலின் இவற்றின் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வீண் அன்று.

முதலிற் பழைய சொல்லை எடுத்துக்கொள்ளலாம். கிரேக்க மொழியில் ‘பொஸ்’ என்பது ஒளி. ‘பொரோஸ்’ என்பது சுமப்பது. இரண்டுஞ் சேர்ந்த ‘பொஸ்பொரோஸ்’ என்னுஞ் சொல் ஒளிதாங்கி எனப் பொருள்பட்டு விடிவெள்ளிக்குப் பெயராயிற்று. உரோமர் அதனையே ‘லூசிபர்’ என மொழிபெயர்த்தனர். பின்னர், இருளில் ஒளிரும் பொருள் எதுவாயினும் அதனைப் பொசுபரசு என்றே ஐரோப்பிய அறிஞர் அழைக்கலாயினர். அக்காலத்தில் அது பொதுப்பெயரேயன்றி ஒரு மூலகத்தின் சிறப்புப் பெயர் அன்று.

அப்பொதுப்பெயரைப் பெற்ற பொருள்களுட் பெரும்புகழ் பெற்றது இத்தாலியின் பொலோனா நகரத்துக் கல்லாகும். 1602ஆம் ஆண்டையொட்டி, அந்நகரிற் செருப்புத் தைத்து வாழ்ந்தவரும் இரசவாதத்தில் நாட்டமுற்றவருமான வின்சென்சோ காசியரோலோ என்பார், பதேர்னோ என்னும் மலையடிவாரத்தில் அளவுக்கு மீறிப் பாரமான கற்களைக் கண்டார். பாரத்தைக் கண்டு உள்ளே பொன்னிருக்குமென எண்ணிக் கரியோடு சேர்த்துச் சுட்டார். பொன் கிட்டவில்லை. ஆனாற் சுட்ட கல்லைப் பகலில் வெயிற்படும்படி வைத்து இரவில் இருளறைக்குட் கொண்டுசென்றபோது, அது தணல் போற் செந்நிறமாக ஒளிர்ந்தது. கல்லினுள் இருந்தது பேரியஞ் சல்பேற்று. கரியோடு சுட்டமையால் அதன் ஒரு பகுதி பேரியஞ் சல்பைட்டாக மாறியது. ஒளிக்குக் காரணம் அதிற் கலந்திருந்த மிகச் சிறிதளவான செம்பு என்பது அண்மைக் காலத்திலேயே ஐயமறத் தெரியவந்தது. அக்காலத்தார் அதனைச் சூரியப் பஞ்சு என்றனர். பஞ்சு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதுபோல இக்கல் வெயிலை உறிஞ்சி வைத்துக்கொள்ளுகின்றது என்பது அவர்தங் கருத்து. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த விளக்கத்தோடு ஒப்பிடுமிடத்து அவ்வுவமை அத்துணைப் பிழையானதென்று சொல்லுதற்கில்லை.

இக்கல்லைப் பற்றி 1640இல் ஒரு முழுநூல் எழுதிய போர்த்தூனியோ லிசேத்தி, பிறைச் சந்திரனின் இருண்ட பாகத்திலே தோன்றும் மங்கிய ஒளியும் இத்தகையதே, சந்திரன் வெயிலை உறிஞ்சிப் பின்னர் விடுகின்றது என்று வாதித்தார். முதுமையுற்றுக் கண்பார்வையும் இழந்திருந்த கலிலியோ அதனை மறுத்து ஒரு நீண்ட கடிதம் வரையலானார். அவ்வொளி பூமியிற் பட்டுத் தெறித்த சூரியவொளியே என்பது அவர் முடிபு. கலிலியோ கூறியதே மெய். ஒளிர்வு எது, தெறிப்பு எது எனப் பிரித்தறிதல் அன்றே ஒரு வழக்காக எழுந்தமை கருதத்தக்கது.

1669இல் ஹம்பேர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் என்பாரும் பொன்னையே தேடினார். அவர் தேடிய இடம் சிறுநீர். பெருமளவான சிறுநீரைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்து, இறுதியில் மெழுகு போன்றதொரு வெண்பொருளைப் பெற்றார். அது வெயிலே படாமல் இருளில் ஒளிர்ந்தது. ஏனைப் பொசுபரசுகள் யாவும் வெயிலிற் கடன்வாங்கியே ஒளிர, இஃதொன்றே கடன் வாங்காது ஒளிர்ந்தமையால், பொதுப்பெயர் நாளடைவில் இதற்கே உரிய பெயராகிவிட்டது. இங்கேதான் மயக்கந் தொடங்கிற்று. பொசுபரசு என்னும் மூலகத்தின் ஒளி, அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு மெல்லச் சேர்வதால் எழுவது. இரசாயன ஒளிர்வு எனப்படுவது. காற்றை நீக்கினால் ஒளியும் நீங்கும். ஆகவே, பொசுபரசின் ஒளிர்வு பொசுபரெசென்சு அன்று; பொசுபரெசென்சு உடைய பொருள்களிற் பொசுபரசு இருத்தல் வேண்டுமென்பதும் இல்லை. பெயரைக் கொண்டு பொருளைத் துணிதல் எத்துணை இடருடையது என்பதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. இரவிலே கடலிற் படகின் துடுப்புப் பட்ட இடமெல்லாம் நீலவொளி சிதறுவதையும் ஆங்கிலர் நெடுங்காலம் பொசுபரெசென்சு என்றே வழங்கினர். அதுவும் நுண்ணுயிர்களின் உடலில் நிகழும் இரசாயன மாற்றத்தால் வருவது. மின்மினியின் ஒளியும் அவ்வகையதே.

மற்றைச் சொல்லுக்கு வருவோமாயின் அதன் கதை வேறு. அதன் வேரில் ஒளியென்னும் பொருள் அறவே இல்லை. இலத்தீன் மொழியில் ‘புளுவெரே’ என்றால் ஒழுகுதல். உலோகங்களை உருக்குவோர் கனிமண்ணோடு ஒருவகைக் கல்லைச் சேர்த்தால், உருகல் எளிதாக ஒழுகும். அதனால் அக்கல் புளோர்க்கல் எனப் பெயர் பெற்றது. கல்சியம் புளோரைட்டாகிய அக்கல்லின் பெயரிலிருந்தே புளோரின் என்னும் மூலகத்தின் பெயரும் வந்தது. ஒழுகலுக்கு உரிய இச்சொல் ஒளிக்கு உரியதானமை 1852ஆம் ஆண்டிலேயாம்.

அவ்வாண்டுக்கு முன்னரே அந்நிகழ்ச்சி பலர் கண்ணிற் பட்டதுண்டு. 1565இல் ஸ்பானிய வைத்தியராகிய நிக்கொலாஸ் மொனார்தெஸ், மெக்சிக்கோவிலிருந்து சிறுநீரக நோய்க்கு மருந்தாக வந்த மரத்துண்டை நீரில் ஊறவிட்டால் அந்நீர் நீலச்சாயல் காட்டுகின்றது என எழுதினார். பின்னாளிற் பிலிப்பைன் தீவுகளிலிருந்தும் அத்தகைய மரமொன்று ஐரோப்பாவுக்குச் சென்றது. அது தமிழர் அறிந்த வேங்கையின் இனத்தைச் சார்ந்தது. 1845இல் ஜோன் ஹேர்ஷல், நிறமற்ற குவினைன் கரைசலின் மேற்பரப்பில் அழகிய நீலவொளி படர்வதைக் கண்டு, அது மேற்பரப்பிற்கே உரியதென எண்ணினார். குவினைன் என்பது சிங்கோனாப் பட்டையின் சத்து. இலங்கையில் ஹக்கலைப் பூங்கா 1861இல் தொடங்கப்பெற்றதும் அச்சிங்கோனாவை வளர்த்தற்கேயாம்.

கேம்பிரிட்ஜ் பேராசிரியராகிய ஜோர்ஜ் கபிரியேல் ஸ்ரோக்ஸ் இப்புதிரை விடுவித்தார். இருளறையின் கதவுத்துளை வழியே வந்த சூரியவொளியை அரியத்தின் மூலம் சிவப்பு முதல் ஊதா ஈறாக விரித்து, அத்திருசியத்தின் குறுக்கே குவினைன் கரைசல் நிறைந்த குழாயை மெல்ல நகர்த்திச் சென்றார். சிவப்பில் ஒன்றும் நிகழவில்லை. மஞ்சளிலும் பச்சையிலும் நிகழவில்லை. ஊதாவின் எல்லையை அணுகியபோது குழாயில் நீலவொளி தோன்றிற்று. அதனினும் வியப்பு யாதெனில், ஊதாவையும் கடந்து, கண்ணுக்கு இருளாயிருந்த இடத்திலே குழாயை வைத்தபோதும் அது ஒளிர்ந்தது. கண்காணா ஒளி உட்புகுந்து, கண்காணும் ஒளியாக வெளிவருகின்றது என்பது தெளிவாயிற்று. அதுகாறும், ஒரு நிறத்து ஒளி எத்துணை முறை தெறித்தாலும் முறிந்தாலும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளாது என்பது நியூற்றன் காலந்தொட்டு வந்த கொள்கை. ஸ்ரோக்ஸ் அக்கொள்கைக்கு விலக்குக் கண்டார். வெளிவரும் ஒளியின் அலைநீளம் உட்புகும் ஒளியினதைவிட நீளமாகவே இருக்கும் என்னும் அவரது விதி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

பெயரிடும் பொழுது அவர் சிறிது தயங்கினார். முதலிற் கையாண்ட நீண்ட தொடர் அவருக்கே பிடிக்கவில்லை. ஆதலின் ஓர் அடிக்குறிப்பிலே, ஓபல் என்னுங் கல்லின் பெயரால் ஓபலெசென்சு என்பது அமைந்தவாறு, புளோர்க்கல்லின் பெயரால் புளோரெசென்சு என ஒரு சொல்லைப் புனையலாமெனக் கூறினார். அடிக்குறிப்பிற் பிறந்த அச்சொல் உலகெங்கும் பரவிற்று. ஆயினும் புளோர்க்கல்லின் நீலவொளி அதன் புளோரினாலோ கல்சியத்தாலோ வருவதன்று. பெரும்பாலும், அதிற் சிறிதளவு கலந்துள்ள யூரோப்பியம் என்னும் மூலகத்தாலேயே வருவது. யூரோப்பியம் கண்டுபிடிக்கப்பட்டது 1901இல். ஆகவே, ஒரு சொல் பொசுபரசில்லாத ஒளிக்குப் பொசுபரசின் பெயரைத் தாங்கியது. மற்றது புளோரினுக்குத் தொடர்பில்லாத ஒளிக்குப் புளோர்க்கல்லின் பெயரைத் தாங்கியது.

இனி இரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது? ஸ்ரோக்ஸ் காலத்தில் அது கால அளவாகவே கொள்ளப்பட்டது. பொலோனாக் கல் வெயில் நீங்கிய பின்னும் ஒளிர்வது. குவினைன் வெயில் நீங்கியவுடன் அவிவது. ஆயின் ‘உடன்’ என்பதன் அளவு எவ்வளவு? பிரெஞ்சு விஞ்ஞானியான எட்மண்ட் பெக்கரல் 1850களின் பிற்பகுதியில் இதனை அளக்க ஒரு கருவி அமைத்தார். துளைகளையுடைய இரு தட்டுகள் ஓர் அச்சிற் சுழலும். அவற்றுக்கிடையே பொருள் வைக்கப்படும். ஒரு தட்டின் துளைவழி ஒளி புகும். மறுதட்டின் துளைவழி பார்ப்பவன் காண்பான். துளைகள் நேர்நேராக அமையாமையால், ஒளி புகும்போது காண இயலாது. சிறிது பொழுது கழிந்த பின்னரே காணலாகும். சுழற்சியை விரைவாக்கினால் அப்பொழுதைச் செக்கனின் ஆயிரத்திலொரு பங்கினும் குறைக்கலாம். உடனே அவிவனவாகத் தோன்றிய பல பொருள்கள் இக்கருவியில் ஒளிர்ந்து நின்றன. எனவே புளோரெசென்சு என்பது மிகக் குறுகிய பொசுபரெசென்சே, இரண்டிற்கும் இடையே உண்மையான எல்லை இல்லை என்பது அவர் கருத்து. 1888இல் யேர்மனியரான ஐல்காட் வீடமன், வெப்பமில்லா ஒளியனைத்தையும் அடக்கி ‘லூமினெசென்சு’ என ஒரு பொதுச்சொல் தந்தமையும் இவ்வில்லங்கத்தைக் கடத்தற்கேயாம்.

எட்மண்டின் மகன் ஹென்றி பெக்கரல். 1895 நவம்பர் 8ஆந் தேதி றோஞ்சன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். அவருக்கு அவற்றைக் காட்டிக்கொடுத்தது, பேரியம் பிளாற்றினோசயனைட்டுப் பூசிய திரையொன்றின் புளோரெசென்சே. கதிர் எழுந்த இடமும் குழாயின் கண்ணாடி ஒளிர்ந்த இடமாகவே இருந்தது. இதனைக் கண்ட கணிதமேதை புவான்காரே, ஒளிரும் பொருள்கள் எல்லாமே எக்ஸ் கதிர்களையும் விடுகின்றனவோ என்றொரு வினாவை எழுப்பினார். வினா தவறான அடிப்படையில் எழுந்ததே. ஆயினும் ஹென்றி பெக்கரல் அதனைப் பற்றிக்கொண்டு, தந்தையார் ஆராய்ந்த யுரேனிய உப்பொன்றைக் கருந்தாளிற் சுற்றிய ஒளிப்படத் தட்டின்மேல் வைத்து வெயிலிற் காயவிட்டார். தட்டிற் கருநிழல் விழுந்தது. 1896 பெப்ரவரி 24ஆந் தேதி பிரெஞ்சுக் கலைக்கழகத்தில், வெயில் பட்ட பொசுபரெசென்சுப் பொருள் ஊடுருவுங் கதிரை விடுகின்றது என அறிவித்தார்.

அடுத்த சில நாள்கள் பாரிஸ் வானம் மேகமூட்டமாயிருந்தது. ஆயத்தஞ் செய்த தட்டுகளையும் உப்பையும் மேசை அறைக்குள்ளே வைத்துவிட்டார். மார்ச் 1ஆந் தேதி, மங்கிய நிழலே காணுமென எண்ணித் தட்டுகளைக் கழுவினார். நிழல்கள் முன்னையினும் தெளிவாக விழுந்திருந்தன. வெயில் இல்லை; ஒளிர்வும் இல்லை; கதிர் மட்டும் இருந்தது. அந்த உப்பின் ஒளிர்வு செக்கனின் நூறிலொரு பங்கும் நில்லாதது என்பது அவர் அறிந்ததே. ஆயினும் சொல் அவரை விடவில்லை. ஒளிராத யுரேனியச் சேர்வைகளும் அவ்வாறே செய்யக்கண்ட பின்பும், மே மாதத்தில் யுரேனிய உலோகமே ஏனையவற்றைவிட வலிமையாகச் செய்யக்கண்ட பின்பும், அதனைக் கண்காணாப் பொசுபரெசென்சு என்றே கூறினார். 1898இல் கியூரி தம்பதியர் புதுச்சொல் ஒன்றைப் படைத்த பின்னரே கதிர்த்தொழிற்பாடு தனியியல்பெனத் தெளிந்தது. மயக்கத்தால் நன்மை விளைந்தது என்னலாம். ஆனால் அம்மயக்கம் மேலுஞ் சில மாதம் ஆராய்ச்சியைத் தவறான வழியில் நிறுத்திற்று என்பதையும் மறத்தற்கில்லை.

மற்றொரு மயக்கம் கல்கத்தாவில் நிகழ்ந்தது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன் அங்கே திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1923இல் அவர் மாணவர் கே. ஆர். இராமநாதன், சிதறிய ஒளியில், புகுந்த நிறத்தினின்றும் வேறுபட்ட மங்கலான ஒளியொன்று கலந்திருப்பதைக் கண்டார். நிறம் மாறிய ஒளியா? அது புளோரெசென்சு, திரவத்திலுள்ள மாசினால் வருவது என்பதே எவர்க்கும் முதலில் தோன்றும் எண்ணம். திரவத்தை மீண்டும் மீண்டுந் தூய்மைசெய்து பார்த்தும் அவ்வொளி போகவில்லை. ஆயினும் ‘மங்கிய புளோரெசென்சு’ என்னும் பெயரே ஐந்தாண்டு அதன்மேல் ஒட்டியிருந்தது.

1928இன் தொடக்கத்தில் கே. எஸ். கிருஷ்ணன் துணையோடு இராமன் அதனை மீண்டும் எடுத்தார். அவர்கள் கையாண்ட வழி ஸ்ரோக்ஸ் வகுத்த பழைய வழியே: புகும் ஒளிக்கு ஊதா வடிகண்ணாடி ஒன்று, பார்க்கும் கண்ணுக்கு, அந்த ஊதாவை முற்றுந் தடுக்கும் மற்றொரு கண்ணாடி. இரண்டும் சேர்ந்தால் இருளே காணவேண்டும். காணாமல் ஒளி தோன்றினால் அது நிறம் மாறிய ஒளி. அவ்வொளி வலிதாக முனைவாக்கப்பட்டிருந்தமை அது சாதாரணப் புளோரெசென்சு அன்று என்பதற்குச் சான்றாயிற்று. பெப்ரவரி 28ஆந் தேதி இரசவிளக்கின் ஒளியை வைத்து நோக்கியபோது வேறுபாடு ஐயமறத் தெரிந்தது. புளோரெசென்சில், புகும் ஒளி எதுவாயினும் வெளிவரும் நிறம் பொருளுக்கே உரியது. குவினைன் என்றும் நீலமே. இராமன் கண்ட ஒளியிலோ, புகும் ஒளியை மாற்றினால் வெளிவரும் ஒளியும் உடன்மாறும். இரண்டின் இடைவெளியே மாறாதது. 1930இல் இராமனுக்கு நோபெற் பரிசு கிடைத்தது. இராமநாதன் 1923இல் கண்டது அதுவே. கண் கண்டது, சொல் மறைத்தது.

இருவகை ஒளிர்விற்கும் உள்ள உண்மையான எல்லை, இலத்திரன்களின் இயல்பு தெரிந்த பின்னரே புலப்பட்டது. ஒளியை விழுங்கிய மூலக்கூறில் ஓர் இலத்திரன் மேல்நிலைக்கு ஏறுகின்றது. ஏறியவுடன் சக்தியிற் சிறிதை வெப்பமாக இழக்கின்றது. எஞ்சியதை ஒளியாக விட்டு இறங்குகின்றது. ஸ்ரோக்ஸ் விதிக்குக் காரணம் இவ்விழப்பே. பொதுவாக இலத்திரன்கள் இவ்விரண்டாக, எதிரெதிர்ச் சுழற்சியோடு இணைந்திருக்கும். ஏறிய இலத்திரன் தன் பழைய சுழற்சியையே கொண்டிருந்தால் இறங்குதற்குத் தடையில்லை. செக்கனின் நூறு கோடியிலொரு பங்கு முதலாகச் சில நூறு மடங்குக்குள் இறங்கிவிடும். இது புளோரெசென்சு. சிற்சில மூலக்கூறுகளில் ஏறிய இலத்திரனின் சுழற்சி புரண்டுவிடுகின்றது. புரண்டபின் அது இறங்குதல் விதியால் தடுக்கப்பட்டது. தடை முழுமையானதன்று; ஆதலின் நெடும்பொழுது காத்து இறங்குகின்றது. இது பொசுபரெசென்சு. போலந்து நாட்டு யப்லோன்ஸ்கி 1930களில் இடைநிலை ஒன்றுண்டென வரைபடமிட்டுக் காட்டினார். அவ்விடைநிலை சுழற்சி புரண்ட நிலையே என 1944இல் அமெரிக்க விஞ்ஞானிகளாகிய லூயிசும் காசாவும் வெளியிட்டனர். எனவே வேறுபாடு காலத்தில் அன்று, சுழற்சியிலேயாம். காலம் அதன் விளைவு மட்டுமே.

இவ்வெல்லையைக் கொண்டு பார்த்தால் ஒரு வேடிக்கை தோன்றும். இச்சொல்லுக்கு மூலமாய் நின்ற பொலோனாக் கல்லே இவ்விலக்கணத்துள் நேராக அடங்குவதில்லை. அத்தகைய பளிங்குகளில் இலத்திரன் பிறிதோரிடத்துக்குச் சென்று, அமைப்பிலுள்ள குறைபாடுகளாகிய பொறிகளிலே சிக்கிக்கொள்கின்றது. அறையின் வெப்பம் தட்டித் தட்டி அதனை விடுவிக்க, விடுபட்டுத் திரும்பும்போது ஒளி வருகின்றது. பிள்ளைகள் சுவரில் ஒட்டும் ஒளிர் நட்சத்திரத்தைக் கொண்டு இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். விளக்கடியில் வைத்தெடுத்த நட்சத்திரத்தை உடனே குளிர்ப்பெட்டியின் பனி அறையில் இட்டால் ஒளி மங்கும். வெளியே எடுத்து உள்ளங்கையிற் பொத்தினால் மீண்டும் பிரகாசிக்கும். பழைய நட்சத்திரங்களில் நாகசல்பைட்டு இருந்தது. ஓர் இரவு முழுவதும் நின்றொளிரும் இசுத்துரோந்தியம் அலுமினேற்றை யப்பானியர் 1996இல் வெளியிட்டனர். இவ்வகை ஒளியை நீடித்த ஒளிர்வு எனத் தனியே வகுப்பதே இக்கால அறிஞர் வழக்கு.

நாகசல்பைட்டைச் சொன்னவிடத்து ஒரு துன்பக் கதையையுஞ் சொல்லாது விடலாகாது. அதனோடு சிறிது ரேடியஞ் சேர்த்தால், வெயிலே வேண்டாது ஒளிரும் பூச்சுக் கிடைக்கும். முதலாம் உலகப்போர்க் காலத்திலும் அதன் பின்னரும் ஐக்கிய அமெரிக்காவின் நியூ யேர்சி முதலிய இடங்களில் இளம்பெண்கள் அப்பூச்சைக் கடிகார முகத்தில் எண்களாக எழுதினர். தூரிகை நுனியைக் கூராக்க உதட்டில் வைத்து நனைக்கும்படி அவர்கட்குக் கற்பிக்கப்பட்டது. அவர்கள் அறிந்தவரை அது இருளில் ஒளிரும் ஒரு பூச்சு, அவ்வளவே. இதன் ஒளியோ கடன் வாங்கியதன்று. ஒவ்வொரு மினுக்கமும் ஒரு ரேடிய அணுச் சிதைந்து எழுப்பியது. சிதைவு நின்றாலன்றி ஒளியுங் கேடும் நில்லா. எலும்பிற் குடியேறிய ரேடியத்தால் பலருடைய தாடை எலும்புகள் அழுகின; பலர் இறந்தனர். ஐவர் தொடுத்த வழக்கு 1928இல் இணக்கமாக முடிந்தது. அதற்கு முன்னைய நூற்றாண்டில் தீக்குச்சித் தொழிற்சாலைகளில் வெண்பொசுபரசின் ஆவியை உட்கொண்ட தொழிலாளரின் தாடை எலும்புகளும் அவ்வாறே அழுகியிருந்தன. 1906இல் பேர்ண் நகரத்து உடன்படிக்கையின் பின்னரே வெண்பொசுபரசுக் குச்சிகள் படிப்படியாக ஒழிந்தன. தந்தையார் விட்டுச்சென்ற பழைய கைக்கடிகாரம் வைத்திருப்போர் ஒன்று அறிதல் நன்று. அதன் முகம் இன்று ஒளிராமற் போனது நாகசல்பைட்டுப் பழுதுற்றமையாலேயே. ரேடியத்தின் அரைவாழ்வோ 1600 ஆண்டு. அதனைத் திறந்து சுரண்டுதல் ஆகாது.

நாளாந்த வாழ்விலும் இச்சொற்கள் குழம்பியே கிடக்கின்றன. 1938இல் விற்பனைக்கு வந்த குழாய்விளக்கு ஆங்கிலத்தில் புளோரெசென்சு விளக்கு எனப்பட்டது. உள்ளேயுள்ள இரசவாவி 254 நனோமீற்றர் அலைநீளமுடைய கழியூதாக் கதிரை விட, உட்பூச்சு அதனை விழுங்கி வெள்ளொளியாக்கும். அப்பூச்சுக்குப் பெயர் மட்டும் ‘பொஸ்பர்’. அவ்விளக்குகளை இப்போது பின்தள்ளிவரும் வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகளிலும் நீலவொளியின் ஒரு பகுதியை மஞ்சளாக்கும் பூச்சுக்கு அதே பெயர். கைத்தொலைபேசிகளிற் பரவலாக உள்ள ஓ.எல்.ஈ.டி. திரைகளிலோ, சிவப்பும் பச்சையும் பெரும்பாலும் பொசுபரெசென்சு. நீலம் பெரும்பாலும் புளோரெசென்சு. இங்கே பொசுபரெசென்சு நிற்குங் காலம் செக்கனின் பத்திலட்சத்திலொரு பங்கின் அளவே. விரலால் திரையை நகர்த்துபவன் அது நிற்பதை ஒருபோதுங் காணமாட்டான்.

தமிழில் இவற்றை எவ்வாறு வழங்குதல் தகும் என்பது ஆசிரியர்கள் கருதவேண்டியதொன்று. பொதுவாகிய லூமினெசென்சை ஒளிர்வு என்றும், புளோரெசென்சை உடனொளிர்வு என்றும், பொசுபரெசென்சை நின்றொளிர்வு என்றும் கலைச்சொல்லாக்கியோர் அமைத்துள்ளனர். இவை இனிய சொற்கள். கேட்டவுடன் பொருள் விளங்குவன. பொசுபரசோடும் புளோர்க்கல்லோடும் ஆங்கிலச் சொற்களுக்குள்ள பொய்த்தொடர்பு இவற்றில் அடியோடு இல்லை. நின்றொளிர்வு எனக் கற்ற மாணவன், பொசுபரசில் அஃது உண்டென ஒருபோதும் எழுதமாட்டான். ஆயினும் இவ்விரு சொற்களும் காலம் ஒன்றையே வேறுபாடாகக் கொண்டமைந்தவை. எட்மண்ட் பெக்கரலின் காலத்து அறிவையே பொதிந்துள்ளன. தாமதித்து எழும் உடனொளிர்வு என ஒருவகையும் உண்டு. சுழற்சி புரண்ட இலத்திரன் வெப்பத்தின் உதவியால் மீண்டும் மேலேறி, முறையான வழியால் இறங்கும்போது தோன்றுவது அது. நிறம் புளோரெசென்சினது, காலம் பொசுபரெசென்சினது. அதனைத் தமிழிற் சொல்லப் புகின் ‘தாமதித்த உடனொளிர்வு’ என்று முரண்படச் சொல்ல நேரும். சுழற்சியைக் குறித்து வேறு சொற்கள் ஆக்கலாமே எனின், அவை முதல்வகுப்பு மாணவனுக்கு விளங்கா. விளங்குஞ் சொல்லை முதலிற் கற்பித்து, உயர்வகுப்பில் அதன் எல்லையையுங் கூறிவிடுதலே இப்போதைக்குத் தக்கது.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்திலே எக்குவோரியா என்னும் இழுதுமீன் ஒன்றுண்டு. அதன் குடையின் விளிம்பு பச்சையாக ஒளிரும். யப்பானில் வளர்ந்த ஒசாமு சிமோமுரா, அவ்வொளியின் மூலத்தைப் பிரித்தெடுத்து 1962இல் வெளியிட்டார். அதிலிருந்த ஒரு புரதம் கல்சியத்தோடு சேர்ந்து நீலவொளி விட்டது. அது இரசாயன ஒளிர்வு. ஆனால் மீனோ பச்சையாக ஒளிர்ந்தது. உடனிருந்த வேறொரு புரதம் அந்த நீலத்தின் சக்தியை ஏற்றுப் பச்சையாக விடுவது பின்னர் தெளிவாயிற்று, அது உடனொளிர்வு. கழியூதாவோ நீலவொளியோ பட்டால் தனித்தும் ஒளிரும் இயல்புடையது அவ்விரண்டாவது புரதம். அதனால் அதனை வேறு உயிர்களின் கலங்களிற் புகுத்தி, உயிரோடிருக்கும் கலத்தினுள் எப்புரதம் எங்கே செல்கின்றது என்பதைக் கண்ணாற் காணலாயினர். 2008இல் சிமோமுராவும் வேறிருவரும் அதற்காக நோபெற் பரிசு பெற்றனர். பொலோனாக் கல்லின் ஒளியோ அம்மீனில் எங்கும் இல்லை. அதனைக் கரையிலே கண்டவர் மட்டும் பொசுபரெசென்சு என்றே சொல்லியிருப்பர்.